பைய மாசத்து ஏச்சு

எங்கள் ஊருக்கு பஸ் வந்துவிட்டது என்பதை யாரும் ஹாரன் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டதில்லை. எதிர்வீட்டு அத்தை கண்டக்டரை ஏசுவது கேட்டால் பஸ் வந்துவிட்டது. ஏரலுக்குப் போகிற அந்த பஸ் குளத்தங்கரை மேலேயே வந்து ஊர் முக்கில் நிற்கும். அத்தை முருங்கைக்காய்ப் பெட்டியோடு ஏறுவாள். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்வார். "பெட்டிக்கு டிக்கெட்டு கேக்கியே, பெட்டி உக்காருததுக்கு சீட்டு எங்கலே இருக்கு? நீ எந்திரி, அது உக்காரட்டும்" என்று அவள் ஆரம்பித்தால், கடைசித் தெருவில் குளித்துக்கொண்டிருக்கிறவர்கள் சாவகாசமாகத் தலை துவட்டுவார்கள். அவள் ஏசி முடிக்காமல் பஸ் கிளம்பாது.

அவள் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்கள், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்து என் ஆபீஸ் வாசலில் நின்று ஏசுவாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இப்போது அவள் ஏசுகிறவள் இல்லை.

அப்போது ஏசினாள். தன் காரியத்துக்கு மட்டுமல்ல, யார் காரியத்துக்கும் ஏசினாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளக்கிறவன் நுரையோடு அளந்தால், வரிசையில் நிற்கிறவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒரு பிள்ளையை ஓடவிட்டு அத்தையைக் கூட்டி வரச் சொல்வார்கள். மருமகள் பக்கம் பேச ஆள் இல்லாத வீட்டில் அவள் போய் மாமியாரை ஏசுவாள். அடுத்த வாரம் அதே மாமியாருக்காக மருமகளை ஏசுவாள். துட்டி வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மற்றவர்கள் எல்லாம் மாரில் அடித்து அழும்போது இவள் செத்தவரைப் பார்த்து, "பொண்டாட்டி பிள்ளைய நட்டாத்துல விட்டுட்டு இப்படி நிம்மதியாப் படுத்துக் கெடக்கீரே, வெக்கமா இல்லையா வே" என்பாள். அழுகிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பை மறைக்க இன்னும் சத்தமாக அழுவார்கள்.

அவள் புருஷன் ஊர் முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டிய டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதைப் போலத்தான் உலகத்தையே பார்ப்பார். பேசமாட்டார். பிள்ளைகள் இருவரும் பம்பாயில் இட்லிக் கடையில் இருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்தில் அவள் அவர்களோடு பேசும்போது, போன் எதற்கு, சும்மா பேசினாலே பம்பாய்க்குக் கேட்குமே என்று பூத்துக்காரர் சொல்வார்.

நான் பத்தாவது பாஸானபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் என்று ஐயா சொன்னார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் யாரும் கைநாட்டைத் தாண்டியதில்லை. பத்தாவது வரைக்கும் விட்டதே பெரிது என்றுதான் அம்மையும் நினைத்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதது எதிர்வீட்டுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. அத்தை தெரு நடுவில் வந்து நின்றாள்.

"யண்ணே, வெளிய வாரும். மாட்டுக்குப் பின்னால நடந்து நீரு என்னத்தக் கண்டீரு? மாடாவது ஒம்மள மதிக்கா? இந்தப் பிள்ள படிச்சா ஒம்ம பேரை எழுதும். நீரு செத்தாலும் பேரு இருக்கும்வே, எழுத்துல."

ஐயா வெளியே வரவில்லை. அவள் போகவுமில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஏசிக்கொண்டிருந்தாள். இடையில் எங்கள் வீட்டிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சாயங்காலம் ஐயா சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிறகு நான் காலேஜ் வரைக்கும் போனேன். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அந்தப் படிப்பில் பாதி அவள் தொண்டையிலிருந்து வந்தது.

இப்படிப்பட்டவள் தை பிறந்தால் வாயை மூடிக்கொள்வாள்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஆற்றுக்கால் தண்ணீரிலும் எங்கள் குளம் நிரம்பும். குளத்துக்குள் கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும். மார்கழி கடைசியில் பறவைகள் வரும். மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பேர் தெரியாத கொக்குகள். ஒரு மரத்தில் இலை தெரியாது, பறவைதான் தெரியும். தையில் கூடு கட்டி முட்டையிட்டால் குஞ்சு பறக்கச் சித்திரை ஆகும். அதுவரைக்கும் ஊரில் யாரும் சத்தம் போடக்கூடாது. கரைமேல் பஸ் ஹாரன் அடிக்காது. கல்யாண மேளம் ஊர் எல்லையிலேயே நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பைய மாசம். எங்கள் பக்கத்தில் பைய என்றால் மெதுவாக. பைய நட, பையப் பேசு, பைய எடு.

பைய மாசத்தில் ஊரில் சண்டை கிடையாது என்று நினைக்கவேண்டாம். சண்டை உண்டு. சத்தம்தான் கிடையாது. ஒரு தை மாதம் மேலத்தெரு மைனியின் ஆடு, அத்தையின் அகத்திக் கன்றுகளை மொட்டையடித்துவிட்டது. இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கை ஆடுகிறது, முந்தானையை இழுத்து இழுத்துச் செருகுகிறார்கள், ஆனால் காற்றுத்தான் வருகிறது. "ஒன் ஆடு நாண்டுக்கிட்டுச் சாவ." "ஒன் அகத்தி வேரோட பட்டுப்போவ." எங்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர்கள் அக்கா தங்கச்சியா, இவ்வளவு அந்தரங்கம் பேசுகிறார்களே என்று அம்மையிடம் கேட்டார். கடைசியில் அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு, "மிச்சத்தச் சித்திரைக்கு வச்சுக்கிடுவோம்" என்றாள். மைனியும் சரி என்றாள். சித்திரையில், குஞ்சுகள் எல்லாம் பறந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அதற்குள் ஆட்டை விற்றாகிவிட்டது. அதனாலென்ன.

ஊர்க் காரியமும் அப்படித்தான். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஓடிப்போன பெண்ணைப் பற்றிய பேச்சு, எதுவானாலும் தை வந்துவிட்டால் சித்திரைக் கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். நாலு பேர் கூடினால் நாற்பது சத்தம் வரும், அது வேண்டாம் என்று.

மற்றவர்கள் ஊர்வழக்கம் என்று பைய இருந்தார்கள். அத்தை அதற்கு மேலே. அவள் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தது ஒரு தை மாதத்தில். பெண் அழைத்து வந்த வண்டியில் அவளுடைய தாய்மாமன், இந்த ஊர் வழக்கம் தெரியாமல், கரைமேல் நின்று வேட்டுப் போட்டுவிட்டார். குளத்திலிருந்த பறவை முழுக்க ஒரே வீச்சில் எழுந்து வானத்தை மறைத்ததாம். பெண் வீட்டுக் கூட்டத்துக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது. பறவை மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது காக்காய்கள் வந்து கூடு கூடாக இறங்கின. முட்டையெல்லாம் போயிற்று. கரையில் நின்ற ஒருத்தி, வந்த அன்றைக்கே பிள்ளைப்பழியைக் கொண்டுவந்துவிட்டாளே என்றாள். "வேட்டுப் போட்டவன் எங்க மாமன். சும்மா வண்டியில உக்காந்திருந்தவளுக்கு என்ன பழி?" என்று அத்தை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் கும்பா கீழே விழுந்தால்கூடப் பைய மாசத்தில் அவள் முகம் வெளுத்துப்போகும்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். பிழைக்க வழியில்லாமல் சொந்த ஊரில் கிடந்தவனை அவள்தான் எங்கள் ஊருக்குக் கூட்டிவந்தாள். அது குளம் வறண்டு கிடந்த வருஷம். குளத்துக்குள்ளே, தண்ணீர் ஒதுங்கிப்போகிற மேட்டுப் பக்கத்து நிலத்தை உள்வாய் என்போம். குளம் காய்ந்த வருஷத்தில் அங்கே எள்ளோ உளுந்தோ தூவி ஒரு பூ எடுத்துக்கொள்வது உண்டு. ஒரு விளைச்சலை அப்படித்தான் ஒரு பூ என்போம். தண்ணீர் வந்தால் விட்டுவிட வேண்டும். வெளியூர்க்காரனுக்கு உள்வாயில் இடம் கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார்கள். அத்தை எழுந்து நின்றாள். அவ்வளவுதான். கூட்டம் முடியும்போது தம்பிக்கு உள்வாயில் ஒரு துண்டு கிடைத்திருந்தது.

அவன் நல்ல உழைப்பாளி. உளுந்து போட்ட இடத்தில் அடுத்த வருஷம் நெல் போட்டான். தண்ணீர் வந்தது, முங்கியது. விட்டுப்போகவில்லை. சுற்றி வரப்பு உயர்த்தினான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எங்கள் ஐயாவும் அங்கே கூலிக்கு நடவுக்குப் போனார். கருவேல மரங்களில் ஓரத்தில் நின்றவை ஒவ்வொன்றாக விறகாயின. குளத்துக்குக் கீழே வயல் வைத்திருந்தவர்கள் முன்னெல்லாம் ஒரு பானைத் தண்ணீர் வீணானாலும் சண்டைக்கு வருவார்கள். இப்போது அவர்களில் வசதியானவர்கள் கிணறு வெட்டி பம்புசெட் போட்டுவிட்டார்கள். குளத்தில் தண்ணீர் நின்றால் என்ன, வடிந்தால் என்ன என்று ஆகிவிட்டது.

அத்தைக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. "வரப்ப ரொம்ப உள்ள தள்ளாதலே" என்று தம்பியை ஏசுவாள். அவன் சிரிப்பான். அக்கா ஏசினால் அவனுக்குச் சோறு போடப் போகிறாள் என்று அர்த்தம். ஏசிக்கொண்டே பரிமாறுவாள், ஏசிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள்.

நான் காலேஜில் இருந்தபோது ஒரு வருஷம் நல்ல மழை. குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் வழிந்து, உள்வாய் முழுக்க முங்கியது. தம்பியின் நடவு தண்ணீருக்கு அடியில் அழுகியது. அந்த வருஷம்தான் பறவையும் அப்படி வந்தது. இருக்கிற மரம் போதாமல் ஊருக்குள் புளியமரங்களில் எல்லாம் கூடு. அத்தை முற்றம் முழுக்க வெள்ளை எச்சம். அதைப் பெருக்கும்போது விளக்குமாற்றை அழுத்தாமல் பெருக்குவாள்.

மாசியில் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் நான் புத்தகத்தோடு வாசலில் இருந்தேன். அத்தை எருத் தட்டிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஓடையில சத்தம் கேக்கு" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சாணிக் கையோடு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கரையில் ஏறியபோதுதான் கேட்டது. மடை முழுக்கத் திறந்து கிடந்தது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடைக்குள் விழுந்து, யார் வயலுக்கும் போகாமல் ஆற்றைப் பார்த்து ஓடியது. தம்பியும் உள்வாய்க்காரர்கள் சிலரும் மண்வெட்டிகளோடு நின்றார்கள். மடைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், மரங்கள் நிறையப் பறவை உட்கார்ந்திருந்தது. சில கூடுகளில் குஞ்சு தலை தெரிந்தது.

"ஏலே, அடைலே" என்றாள். காற்றாகத்தான் வந்தது.

"யக்கா, வடிஞ்சாத்தான் நடலாம். ஒரு பூ எடுத்துக்கிடுதோம்."

"குஞ்சு பொரிச்சிருக்குலே. கீழ தண்ணி இல்லன்னா தாயி கூட்டுல நிக்காது. நாயி வந்துரும். சித்திரை வரைக்கும் பொறு."

"சித்திரையில தண்ணி தன்னால வத்தும். அப்ப நட்டு நான் எதை அறுக்க? போன வருசமும் முங்கிச்சு, இந்த வருசமும் முங்கிச்சு. ஒனக்கு மரத்துல இருக்கது பிள்ள. எனக்கு வீட்டுல இருக்கது பிள்ள."

அதற்கு மேல் அவள் ஏச ஆரம்பித்தாள். நான் அவள் வாயில் கேட்ட ஏச்சிலேயே கொடியது அதுதான். சவத்து மூதி என்றாள், கரிமுடிவான் என்றாள், நீ கட்டுகிற வரப்பே உனக்குப் பாடையாகும் என்றாள். எல்லாம் காற்றாக. மடைத் தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. தம்பி காதருகே கையைக் குவித்தான்.

"என்ன சொல்லுத? கேக்கல."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கும் அது முதலில் விளையாட்டாகத்தான் இருந்திருக்கும். பிறகு அவன் முகம் மாறியது. மரங்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சத்தமாச் சொல்லுக்கா. நீ கூப்பிட்டா ஏரல்ல இருந்துகூட ஆள் வருமே. ஊரையே கூப்பிடு. கூப்பிடு பாப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். கழுத்தில் நரம்பு எழுந்தது. நெஞ்சு விரிந்தது. ஊர் முழுக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவரப் போகிறது என்று நான் நினைத்தேன். அவள் கண் மரத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு வெயில் மறைத்துக்கொண்டு நின்றது. சத்தம் போட்டால் எல்லாம் எழும். எழுந்தால் காக்காய் இறங்கும். சத்தம் போடாவிட்டால் தண்ணீர் போகும்.

வாயை மூடிக்கொண்டாள். பிறகு சேலையோடு மடைவாயில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவள் முதுகில் அடித்து இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. தம்பிதான் இறங்கி, அவளை இரண்டு கையாலும் தூக்கிவந்து கரையில் வைத்தான். வைக்கும்போது பைய வைத்தான்.

வீடு வீடாகப் போனாள். நானும் போனேன். எல்லோருக்கும் வருத்தம்தான். தம்பி செய்ததை யாரும் நியாயம் என்று சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்து, "பைய மாசம்லா தாயி. இப்பக் கூடிப் பேசுனா சத்தமாயிரும். சித்திரைக் கூட்டத்துல வச்சு அவனை உண்டு இல்லன்னு ஆக்கிருவோம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். பறவைக்காக என்று சொல்லித்தான் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது. அத்தை மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அதே வார்த்தையைத்தானே அவளும் இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

அடுத்த நாள் வைக்கோலும் கோணிச்சாக்கும் கொண்டுபோய் மடையில் திணித்தோம். மத்தியானத்துக்குள் யாரோ உருவிப் போட்டிருந்தார்கள். திரும்பத் திணித்தோம். திரும்ப உருவினார்கள்.

பிறகு டவுனில் ஒரு ஆபீஸுக்குப் போனோம். படித்த பிள்ளை கூட வந்தால் மதிப்பார்கள் என்று அவள் என்னைக் கூட்டிப்போனாள். நான் காலேஜுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டேன். அதிகாரி வேறு ஏதோ பார்த்துக்கொண்டே, என்னம்மா என்றார். அத்தை பேசினாள். "சத்தமாச் சொல்லும்மா" என்றார். மறுபடி பேசினாள். மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. நான் அவள் காதில், அத்தை, இங்கன பறவை இல்லை, சத்தமாச் சொல்லுங்க என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். கண்டக்டரை, ரேஷன் கடைக்காரனை, செத்தவர்களை எல்லாம் ஏசிய அந்தத் தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. உதடுதான் ஆடியது. அவள் கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஏதோ தொலைந்துபோன சாமானைத் தேடுவதைப் போல.

அதனால் நான் பேசினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரி முன்னால் குரலை உயர்த்திப் பேசினேன். எது எந்தப் பறவை, எப்போது பறக்கும், தண்ணீர் எவ்வளவு இருந்தால் போதும் என்று எல்லாம் சொன்னேன். அவர் மரியாதையாகவே கேட்டார். விவசாயிகள்தானே தண்ணீரைத் திறந்திருக்கிறார்கள், விவசாயத்துக்குத்தானே குளம் என்றார். ஆக்கிரமிப்பு என்றால் கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு ஆள் அனுப்பி அளந்து பார்க்கலாம் என்றார். தண்ணீர் வற்றக்கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்றேன். தண்ணீருக்குள் எப்படியம்மா அளப்பது என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் அத்தையைப் பார்த்ததும் ஒரு சண்டைக்குத் தயாராகச் சிரித்தார். அவள் காசை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர் மரத்தைவிட்டு நாளுக்கு நாள் ஒதுங்கியது. முதலில் சேறு, பிறகு வெடிப்பு. நாய்கள் மரத்தடிக்கு வந்துவிட்டன. இரவில் வந்துகொண்டிருந்த நரி பகலிலும் வந்தது. மீன் பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் பெரிய பறவைகள் தூரமாகப் போயின. போனவை நேரம் கழித்து வந்தன. பிறகு வரவில்லை. கூட்டில் குஞ்சுகள் மட்டும் இருந்தன. அதுவரைக்கும் ஊர் அவற்றுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. இப்போது அவை கத்த ஆரம்பித்தன. அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்தது. சாப்பிடும்போது கேட்டது. புத்தகத்தை விரித்தால் கேட்டது. அம்மை கதவைச் சாத்தினாள். கதவுக்குள்ளேயும் கேட்டது. விழுந்த குஞ்சுகளை அத்தை ஓலைக் கடகத்தில் பொறுக்கிவந்தாள். நானும் அவளும், பேசாத அவள் புருஷனும் ஆற்றுக்குப் போய்ப் பொடிமீன் பிடித்துவந்து ஊட்டினோம். சைக்கிள் கடையை அந்த மாதம் அவர் திறக்கவே இல்லை. முற்றம் முழுக்கக் குஞ்சு. அவை அத்தையின் விரலைத் தாயின் மூக்கென்று நினைத்துக் கொத்தின. சில மீனை விழுங்கிவிட்டு அப்படியே தலை சாய்ந்தன. ஒவ்வொன்றையும் அவள் அகத்திக் கன்றுகளுக்குப் பக்கத்தில் புதைத்தாள். மண்வெட்டியை ஓங்கி வெட்டாமல், கையால் தோண்டினாள்.

மெல்ல மெல்ல அந்தக் கத்தல் குறைந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது ஊர் அமைதியாக இருந்தது. இதற்கு முன்னால் எத்தனையோ பைய மாசத்தில் ஊர் அமைதியாக இருந்து பார்த்திருக்கிறேன். இது அது இல்லை.

சித்திரைக் கூட்டம் நடந்தது. எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். உள்வாயில் நெல், கதிர் தள்ளப் பொதி கட்டி நின்றது. விளைந்ததை அழிக்கவா முடியும் என்று முடித்துக்கொண்டார்கள். அத்தை கூட்டத்துக்கு வரவில்லை.

அறுப்பு முடிந்ததும் தம்பி புது அரிசி ஒரு மூட்டை கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினான். நான் எங்கள் வாசலில் இருந்து பார்த்தேன். அவள் ஏசவில்லை. "வச்சுட்டுப் போ" என்றாள். அவன் போகவில்லை. சோறு போடுவாள் என்று நின்றான் போல. அவள் உள்ளே போய்விட்டாள். மூட்டை வாசலிலேயே கிடந்தது. கோழிகள் ஓட்டை போட்டுத் தின்றன.

அடுத்த வருஷம் மழை சுமார்தான். வந்த தண்ணீரையும் உள்வாய்க்காரர்கள் குளத்தில் நிற்க விடவில்லை. மார்கழி போய்த் தை வந்தது. மரங்கள் சும்மா நின்றன. ஆனாலும் ஊர் பழக்கத்தில் பையத்தான் பேசியது. பஸ் ஹாரன் அடிக்கவில்லை. ஒரு கல்யாண மேளம் எல்லையில் தானாக நின்றுவிட்டது. யாருக்கும் அதை முதலில் உடைக்க மனமில்லை. அத்தை தினம் காலையில் கரைக்குப் போய்விட்டு வந்தாள். இன்னும் நாள் இருக்கிறது, பிந்தி வரும் என்று என்னிடம் காற்றாகச் சொன்னாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த நானும் அவளோடு கரைக்குப் போனேன். உள்வாயில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் முகம் பழையபடி வெளுத்தது; பிறகு வெளுக்க அவசியமில்லை என்று அவளுக்கே நினைவு வந்ததைப் போல இருந்தது. தம்பி எங்களைப் பார்த்துவிட்டு வரப்பு வழியாக ஏறி வந்தான். மெலிந்திருந்தான். அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யக்கா, ஒரு வருசமா நீ என்ன ஏசல. வீட்டுக்கு வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுத. என்னால முடியலக்கா. ரெண்டு ஏச்சு ஏசிரு. நல்லா ஏசிரு."

அவள் ஏசினாள்.

போன மாசியில் மடைமேல் நின்று காற்றாகச் சொன்னதை எல்லாம் முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்துச் சத்தமாகச் சொன்னாள். ஒரு வருஷம் எங்கே கிடந்தது அந்தக் குரல் என்று தெரியவில்லை. குளம் அதிர்ந்தது. டிராக்டர் ஓட்டியவன் நிறுத்திவிட்டுத் திரும்பினான். ஊருக்குள் கதவுகள் திறந்தன. ஆட்கள் கரையை நோக்கி ஓடி வந்தார்கள்; பாதி வழியில் நின்றார்கள். பைய மாசத்தில் அவள் குரலை அவர்கள் கேட்டதே இல்லை. பேர் சொல்லி ஏசினாள், பேர் சொல்லாமல் ஏசினாள். அவனை இந்த ஊருக்குக் கூட்டிவந்த தன் வாயை ஏசினாள், அவனுக்கு உள்வாயில் இடம் வாங்கித்தந்த தன் தொண்டையை ஏசினாள். தம்பி தலையைக் குனிந்து அழுதுகொண்டே கேட்டான். அவனுக்கு அது வேண்டியிருந்தது.

நடுவிலே, ஒரு வார்த்தையின் பாதியில், அவள் நிறுத்தினாள். பழக்கத்தில் அண்ணாந்து மரங்களைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். நானும் பார்த்தேன். கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

அவ்வளவு சத்தத்துக்கும் ஒரு கொக்குகூட எழும்பவில்லை.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்துக் கரையிலிருந்து இறங்கினாள். "பைய வா" என்றாள், பழையபடி காற்றாக.

யாருக்காகப் பைய என்று நான் கேட்கவில்லை.